ஜெவன்ஸ் பண்டிதரும் தர்க்கப் பியானோவும்

பொருளாதார நூலாற் புகழெய்திய வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1835-இல் லிவர்ப்பூலிற் பிறந்தார். தந்தையாரின் இரும்பு வாணிகம் 1848-இல் நொடித்தது. 1854-இல் படிப்பை இடையே விடுத்து, சிட்னி நாணயசாலையிற் பொன்னுக்கு மாற்றுக் காணும் ஊழியத்தை ஏற்றார். சொல்லுக்கும் மாற்றுக் காணும் பழக்கம் ஆங்கே தொடங்கிற்றுப் போலும்!

1866-இல் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் தர்க்க ஆசிரியராயினார். சால்ஃபர்டு நகரக் கடிகாரத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அவர் சமைத்த யந்திரம் 1870-இல் இராயல் சொஸைட்டியார் முன் காட்டப்பெற்றது. பியானோவை ஒத்த அதற்குக் கட்டைகள் 21. ஒரு வாதத்தின் கூற்றுக்களை அவற்றால் அழுத்தினால், நான்கு பதங்களால் அமையும் 16 சேர்க்கைகளுள் முரண்படுவன மறைய, ஏனையவை முகப்பில் நிற்கும். ஆயினும், வழக்குமொழி வாக்கியத்தைப் பதங்களாகப் பகுத்தலும், நின்றவற்றை நோக்கி முடிபு கூறுதலும் மாணாக்கன் பொறுப்பே. பொய்க் கூற்றை இட்டாலும் யந்திரம் மறுக்காது. வகுப்பிற் காட்டிக் கற்பித்தலே அதன் தலையாய பயன் என ஜெவன்ஸ் கருதினார்.

இன்று வகுப்பறை புகுந்துள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, பகுத்தலையும் முடிபு கூறலையும் தாமே செய்து நம் கையில் நீட்டுகின்றன. நமக்கென எஞ்சும் பயிற்சி யாது? இதனை நம் ஆசிரியர்களிடமே கேட்க விழைகின்றோம்.

1882 ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸ் அருகே கடலாடச் சென்ற ஜெவன்ஸ், 46 வயதில் மூழ்கி இறந்தார். அவர்தம் யந்திரம் ஆக்ஸ்போர்டு விஞ்ஞான வரலாற்றுக் காட்சிசாலையில் உள்ளது.