உங்க வீட்டு ஸ்டீரியோவில் ஒளிந்திருக்கும் மனிதர்: யார் இந்த ஆலன் ப்ளும்லைன்?

ரிசீவர் வந்தாச்சு. பெட்டியைப் பிரிச்சாச்சு. ரெண்டு ஸ்பீக்கரையும் எங்கே வைக்கிறதுன்னு ஹாலைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, கடைசியில் ஒன்றை டிவிக்குப் பக்கத்திலும் இன்னொன்றை புத்தக அலமாரி மேலேயும் வச்சிட்டீங்க. பாட்டு வருது, சத்தம் நல்லாவே இருக்கு. போதும்னு தோணுது.

நானும் அப்படித்தான் இருந்தேன். என் முதல் வாடகை வீட்டில் ரெண்டு ஸ்பீக்கரும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே மூலையில் எட்டு மாசம் நின்றன. பாட்டு 'கேட்டது'. ஆனால் ஸ்டீரியோவுக்குக் கொடுத்த காசில் பாதி வீண் என்பது, ஒரு ஆளைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. அவர் பெயர் ஆலன் டவர் ப்ளும்லைன். உங்க ரிசீவரில் எல், ஆர் என்று இரண்டு இணைப்புகள் இருப்பதற்கான அடிப்படையை 1931-லேயே எழுதி வைத்தவர். அது பரவலாக விற்பனைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

காலிங் பெல்லுக்கு பில் போட்ட பையன்

1903 ஜூன் 29-ம் தேதி லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். அப்பா ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடிமகன் ஆனவர். அம்மா, தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து பாதிரியாரின் மகள்.

ஏழு வயசில் வீட்டுக் காலிங் பெல்லைச் சரிசெய்துவிட்டு, அதற்காக அப்பாவிடம் ஒரு பில் நீட்டினாராம். கீழே பெயரும், எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் என்ற பட்டமும் அவரே போட்டுக்கொண்டது. ஆனால் இந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயசு வரை சரளமாக வாசிக்க வராது என்று அவருடைய சகோதரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். கணக்கு மட்டும் ஓடியது. நம்ம ஊர் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இந்தப் பையனைப் பற்றி என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி, 1924-ல் வேலைக்குச் சேர்ந்தார். இசைக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமே கிடையாது. நெடுந்தொலைவு தொலைபேசி கேபிள்கள்தான் அங்கே பாடு. ஒரு ஜோடிக் கம்பியில் போகும் பேச்சு பக்கத்துக் கம்பியில் ஒழுகி, வேறு யாரோ பேசுவது உங்கள் காதில் கேட்கும். அந்த ஒழுகலை அளப்பது, குறைப்பது அவர் வேலை. இரண்டு சிக்னல்களில் எது பொது, எது வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இங்கேதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். இந்தப் 'பொது, வேறு' என்கிற ரெண்டு வார்த்தையை மனசில் வச்சுக்கோங்க. திரும்ப வரும்.

1929-ல் கொலம்பியா கிராஃபோபோன் கம்பெனிக்கு மாறினார். இசைத்தட்டு வெட்டும் கருவிக்கு அமெரிக்கக் கம்பெனியின் காப்புரிமை இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ராயல்டி கட்ட வேண்டும். அந்தக் காப்புரிமையில் மாட்டாத வேறு கருவி ஒன்றைச் செய்து தரும்படி கேட்டார்கள். செய்தார். 1931-ல் கொலம்பியாவும், எச்.எம்.வி. நாய் முத்திரைக்குச் சொந்தமான கிராமபோன் கம்பெனியும் சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆனது. கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சாகி உங்க தாத்தா வீட்டுக்கு வந்த எச்.எம்.வி. தட்டுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

தியேட்டரில் வந்த எரிச்சல்

1931 தொடக்கம். பேசும் படம் புதுசு. ப்ளும்லைனும், பின்னாளில் அவர் மனைவியான டோரீனும் படம் பார்க்கப் போனார்கள். திரையில் நடிகர் ஒரு ஓரத்தில் நிற்கிறார், குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. ஒரே ஸ்பீக்கர் என்றால் அப்படித்தான் வரும். மற்றவர்களுக்கு அது பெரிதாக உறுத்தவில்லை, இவருக்கு உறுத்தியது. குரலை ஆளோடு நகர வைக்க முடியும் என்று டோரீனிடம் அங்கேயே சொன்னதாகக் குடும்பத்தில் பேச்சு.

அதே ஆண்டு டிசம்பர் 14-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண் 394325. அதில் 70 உரிமைக் கோரிக்கைகள். ஸ்டீரியோ என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை, இருசெவி ஒலி என்ற பொருளில்தான் எழுதினார். மைக்கை எப்படி வைப்பது, எப்படிப் பதிவு செய்வது, ஒரே இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலியை எப்படி வெட்டுவது, வீட்டில் எப்படிக் கேட்பது என்று மொத்தச் சங்கிலியும் அந்த ஒரே ஆவணத்தில் இருக்கிறது. அவருக்கு வயது 28.

சரி, அவர் கண்டுபிடிச்சது என்ன?

இடது பக்கம் ஒருத்தர் கூப்பிட்டால், சத்தம் இடது காதுக்கு ஒரு நொடிப்பொழுது முன்னதாக வந்துவிடும். வித்தியாசம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதை வைத்துத்தான் மூளை திசை பார்க்கிறது. அப்போ ரெண்டு மைக், ரெண்டு ஸ்பீக்கர் வச்சா போதுமே? போதாது. ஹெட்போனில் இடது ஒலி இடது காதுக்கு மட்டும் போகும். ஸ்பீக்கரிலோ இரண்டின் சத்தத்தையும் இரண்டு காதும் கேட்கும். எல்லாம் குழம்பிவிடும்.

ப்ளும்லைனின் சாமர்த்தியம் இங்கேதான். நேர வித்தியாசத்தை அப்படியே அனுப்பாமல், அதைச் சத்த அளவின் வித்தியாசமாக மாற்றினார். பாடகர் கொஞ்சம் இடப்பக்கம் என்றால் இடது ஸ்பீக்கரில் கொஞ்சம் அதிகம், வலதில் கொஞ்சம் குறைவு. அந்த இரண்டு சத்தமும் காற்றில் கலந்து உங்கள் காதுகளை அடையும்போது, தேவையான நேர வித்தியாசம் தானாக உருவாகிவிடுகிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஸ்பீக்கரும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கணும். ஒன்று அரை மீட்டர் கிட்டே வந்துட்டாலே அதன் சத்தம் முந்திக்கொள்ளும். பாடகர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால், ரிசீவர் மெனுவுக்குள் நுழையும் முன் ஒரு டேப்பை எடுங்க. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள தூரம், ஒவ்வொன்றிலிருந்தும் உங்க நாற்காலிக்கு உள்ள தூரம், மூன்றும் ஏறத்தாழ சமம். உயரம் உங்க காது மட்டம். சுவரை ஒட்டி வைக்காமல் ஓரடியாவது முன்னால் இழுத்தால் பேஸ் உறுமுவது குறையும். மூலையில் வச்சீங்கன்னா பக்கத்து ஃபிளாட்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

அடுத்து ஒயர். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இதை மாற்றிப் போட்டுவிட்டால் பாட்டு வரும், எதுவும் கெடாது. ஆனால் ஒரு ஸ்பீக்கரின் கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். இரண்டுக்கும் பொதுவான ஒலி, அதாவது நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரலும் பேஸும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரைந்துபோகும். குரல் எங்கேன்னே தெரியாம அந்தரத்தில் மிதந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஒயரைத்தான். ரிசீவரை அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்க. கூடவே, ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் ஓம் எண், ரிசீவரின் பின்பக்கம் அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

ஒரே பள்ளம், இரண்டு சுவர்

இசைத்தட்டில் ஊசி அதுவரை ஏதாவது ஒரு திசையில்தான் ஆடியது: இடவலமாக, அல்லது மேலும் கீழுமாக. ப்ளும்லைன் பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் 45 டிகிரி சாய்த்து, ஒன்றில் இடது ஒலி, மற்றதில் வலது ஒலி என்று எழுதினார். இப்படிச் செய்தால் இரண்டுக்கும் பொதுவானது ஊசியை இடவலமாக ஆட்டும், வேறுபாடு மட்டும் மேலும் கீழுமாக ஆட்டும். அதே 'பொது, வேறு'!

இன்று உங்க ரிசீவரில் எஃப்.எம். ஸ்டீரியோ வருவதும் இதே கணக்கில்தான். இடதையும் வலதையும் கூட்டியது ஒன்று, கழித்தது ஒன்று என இரண்டாக அனுப்புகிறார்கள். பழைய மோனோ ரேடியோ கூட்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஸ்டேஷன் பலவீனமாக இருந்தால் அந்தக் கழித்த பகுதியில்தான் இரைச்சல் முதலில் ஏறும். ரிசீவரில் மோனோ பட்டன் இருப்பது இதற்காக. அதைத் தட்டினால் 'உஸ்' சத்தம் சட்டென அடங்கும். எம்.பி.3 கோப்பைச் சுருக்கும்போதுகூட இதே கூட்டல் கழித்தல் பயன்படுகிறது.

வேலை செய்தது, ஆனா வாங்க ஆள் இல்லை

1934 ஜனவரியில், லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் தாமஸ் பீச்சம் மொஸார்ட்டின் 41-வது சிம்ஃபனியை ஒத்திகை பார்த்தபோது ப்ளும்லைன் குழு அதை ஸ்டீரியோவில் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு ஹேய்ஸ் நகர ரயில் நிலையத்தில் வண்டிகள் போய்வருவதை ஸ்டீரியோ ஒலியுடன் படம் பிடித்தார்கள். ரயிலோடு சத்தமும் நகர்ந்தது. தியேட்டரில் வந்த எரிச்சலுக்கு விடை கிடைத்துவிட்டது.

அதோடு திட்டம் கிடப்பில் போனது. உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். வீட்டுக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் என்று யாரிடம் விற்பது? ஈ.எம்.ஐ.யின் கவனம் தொலைக்காட்சிக்குத் திரும்பியது. ப்ளும்லைனும் அதே குழுவில். 1936 நவம்பர் 2-ம் தேதி பி.பி.சி. தொலைக்காட்சிச் சேவை தொடங்கியபோது, ஜான் பேர்டின் முறையும் ஈ.எம்.ஐ.யின் 405 வரி முறையும் வாரம் மாற்றி வாரம் ஓடின. சில மாதங்களில் பேர்டு முறை வெளியேறியது. 405 வரி ஒளிபரப்பு பிரிட்டனில் 1985 வரை நீடித்தது.

எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். அவர் பெயரில் 128 காப்புரிமைகள். வேலைக்குச் சேர்ந்த 1924-லிருந்து இறந்த 1942 வரை எடுத்துக்கொண்டால் சராசரியாக 51 நாளைக்கு ஒன்று. அதில் ஒன்று, இரண்டு சிக்னல்களின் வேறுபாட்டை மட்டும் பெருக்கும் ஒரு ஜோடிச் சுற்று. அதன் வாரிசுகள் இன்று நீங்க வாங்கும் பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களின் உள்ளே இருக்கின்றன. அங்கேயும் பொது, வேறு.

1942 ஜூன் 7

போர் வந்ததும் ரேடார் வேலை. இருட்டிலும் மேகத்திலும் கீழே உள்ள நிலத்தைத் திரையில் காட்டும் எச்2எஸ் என்ற விமான ரேடாரை உருவாக்கும் குழுவில் ப்ளும்லைன் இருந்தார். பறந்துகொண்டே சோதிக்க வேண்டும். 1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் அவரும் ஈ.எம்.ஐ. சகாக்கள் இருவரும் ஏறினார்கள். நடுவானில் வலது ஓர இன்ஜின் தீப்பிடித்தது. வெல்ஷ் பிக்னர் கிராமத்தின் அருகே விமானம் விழுந்து, அதில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். பராமரிப்பின்போது இன்ஜினுக்குள் ஒரு நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தார்கள் என்று விசாரணை கண்டது.

ப்ளும்லைனுக்கு 39 வயது நிறைய 22 நாள் பாக்கி. வீட்டில் டோரீனும் இரண்டு சின்னப் பையன்களும். அந்த ரேடாரே ராணுவ ரகசியம் என்பதால் விபத்தும் ரகசியமாக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஒருவர் போய்விட்டார் என்று ஊருக்குச் சொல்லக்கூட வழியில்லை. ரேடார் மட்டும் அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே போருக்குப் போய்விட்டது.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில். அமெரிக்காவில் 45 டிகிரி முறையை உலகம் முழுக்கப் பொதுத்தரமாக ஏற்றுக்கொண்டபோது, ப்ளும்லைனின் காப்புரிமை காலாவதி ஆகியிருந்தது. தமிழில் முதல் ஸ்டீரியோ பாடல்கள் என்று சொல்லப்படும் 'பிரியா' வந்தது 1978-ல்; அந்த விண்ணப்பம் எழுதி 47 ஆண்டு கழித்து.

புகழ் அதைவிட மெதுவாக வந்தது. அவரைப் பற்றிய முதல் முழு வாழ்க்கை வரலாறு 1999-ல்தான் வெளியானது. ஏபி ரோட்டில் 2015-ல் ஒரு பலகை, 2017-ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி. இப்போதும் அவரை யாரென்று கேட்டால் ஒலிப்பதிவுக்காரர்களுக்கு மட்டும் தெரியும். இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில் 90 டிகிரி கோணத்தில் வைக்கும் முறைக்கு அவர்களிடம் ப்ளும்லைன் ஜோடி என்றுதான் பெயர்.

அந்த 1934 பதிவும் ஹேய்ஸ் ரயில் படமும் அழியவில்லை, இணையத்தில் தேடினால் கிடைக்கும். இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. ரிசீவரில் சரவுண்ட், ஹால், ராக் மாதிரி எல்லா விளைவுகளையும் அணைத்துவிட்டு ஸ்டீரியோ அல்லது டைரக்ட் என்ற நிலைக்கு வாங்க. பேலன்ஸ் நடுவில். நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் சமமாக இழுத்துப் போட்டு, அந்த ரயில் படத்தை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கோங்க. வண்டி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியலைன்னா, எழுந்துபோய் ஒயரைப் பாருங்க.