லின்னேயஸ் டிரைப்

லின்னேயஸ் டிரைப் (ஏப்ரல் 14, 1822 – மார்ச் 2, 1902) ஆங்கிலேயப் படை அதிகாரியும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றித் தென்னிந்தியக் கோயில்களை முறையாகப் படமெடுத்தவர். ஒளிப்படங்களைக் கொண்டு கட்டடங்களை அளந்து மாதிரியாக்கும் ஒளிப்பட அளவியல் (போட்டோகிராமெட்ரி) இன்னும் பெயர்கூடப் பெறாத காலத்தில், அத்துறையினருக்கு இன்றும் உள்ள சில சிக்கல்களை இவர் தமிழகத்துக் கோயில் சுவர்களின் முன் எதிர்கொண்டார்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக்கலையைக் கற்றார். 1854இல் பெங்களூர் திரும்பி, ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னைக் கண்காட்சியில் அப்படங்கள் பரிசு பெற்றன. அதே ஆண்டு பர்மா சென்ற அரசுத் தூதுக்குழுவுடன் அனுப்பப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட படங்களுடன் திரும்பினார். பின்னர் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார்.

கருவிகளும் முறையும்

அக்காலத்தில் இரு வழிகள் இருந்தன. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் முறை நுண்ணிய விவரங்களைத் தரும். ஆனால் பூச்சு உலர்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். மெழுகு ஊட்டிய தாளை முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். ஆயினும் தாளின் இழைகள் கூர்மையைச் சற்று மழுக்கும். வெயிலிலும் புழுதியிலும் நெடும்பயணம் செய்த டிரைப் பெரும்பாலும் தாளையே நம்பினார், தேவைப்பட்ட இடங்களில் கண்ணாடியையும் பயன்படுத்தினார்.

1857 இறுதியில் தொடங்கிய பயணத்தில் ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். ஆம்பூருக்குத் தென்மேற்கே, அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்த இராயக்கோட்டைக்கும் தனித் தொகுப்பு ஒன்று உண்டு. தஞ்சாவூர்த் தொகுப்புக்கு விளக்கக் குறிப்புகள் எழுதியவர், பிற்காலத்தில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி. யு. போப்.

இவற்றுடன் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ப் பகுதிகளில் இரட்டைப் படங்களும் (ஸ்டீரியோ) எடுத்தார். சற்றே விலகிய இரு நோக்குநிலைகளிலிருந்து எடுத்த படங்களை இரு கண்களாலும் பார்க்கும்போது ஆழம் புலப்படும். ஒளிப்பட அளவியலின் அடிப்படையும் இதுவே: பல இடங்களிலிருந்து எடுத்த படங்களில் பொதுவான புள்ளிகளை அடையாளம் கண்டு, முக்கோணக் கணக்கால் அவற்றின் இருப்பிடத்தை அறிவர்.

தஞ்சைக் கல்வெட்டுப் படம்

இவரது பணிகளில் மிகவும் குறிப்பிடத்தக்கது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளின் தொடர்படம் (1858). ஒரே படத்தில் அடங்காத நீண்ட சுவரைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அடுத்தடுத்த படங்களில் அளவும் கோணமும் ஒளியும் மாறினால் எழுத்து வரிகள் பொருந்தா. இன்று ஒரு கோயில் சுவரைக் கணினியில் மாதிரியாக்குவோரும் இதே கவனத்துடனேயே கேமராவை நகர்த்துகின்றனர். எனினும் டிரைப் அளவியலாளர் அல்லர்; சுருளிலிருந்து அளவுகள் எதையும் அவர் கணக்கிடவில்லை. அத்துறையைப் பிரான்சில் லோசெடாவும், 1867இல் அதற்குப் பெயரிட்ட செருமானியர் மேடன்பாவரும் தனியே வளர்த்தனர். தஞ்சைக் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதியில் 1891 முதலே அச்சேறின.

ஒளியும் வானமும்

அன்றைய வேதிப்பூச்சுகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால் வானம் வெறும் வெண்மையாகவும் மரங்கள் கருந்திட்டுகளாகவும் பதிந்தன. டிரைப் எதிர்மறைப் படத்தின் மீது வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார், இலைகளைத் திருத்தினார். கட்டடத்தை மட்டும் ஆய்வோருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் அவரது வானத்தை அந்நாளின் வானிலைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. இன்றைய கணினி மாதிரிகளிலும் ஒளியைப் பின்னரே சேர்க்கின்றனர். வெயிலின் நிழல்கள் பரப்பில் பதிந்துவிட்டால் புதிய ஒளியோடு முரண்படும் என்பதால், படமெடுக்க மேகமூட்டமான நாளையே விரும்புகின்றனர்.

பணி நிறுத்தம்

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இப்பணியை வீண் செலவாகக் கருதி நிறுத்தச் செய்தார். 1860இல் அலுவலகம் மூடப்பட்டது. அதற்குள் டிரைப் சென்னை அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் படமெடுத்திருந்தார். அவரிடம் தொழில் பயின்ற ஐயாசாமி என்ற தமிழர், சென்னைக் கைத்தொழில் பள்ளியில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) ஒளிப்படப் பணியைத் தொடர்ந்தார்.

டிரைப் படைப்பணிக்குத் திரும்பி, 1870களில் ஓய்வுபெற்று டெவன்போர்ட்டில் மறைந்தார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரித்தானிய நூலகத்திலும் இவரது படங்கள் உள்ளன. 2014-15இல் வாசிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவை காட்சிப்படுத்தப்பட்டன.