அண்ணல் அம்பேத்கரும் திரும்பி வந்த ஆய்வேடும்

அண்ணல் அம்பேத்கரின் பட்டங்களை அடுக்கிக் கூறாத மேடை நம் வட்டாரத்தில் இல்லை. பம்பாயில் பி.ஏ., அமெரிக்காவில் எம்.ஏ., பிஎச்.டி., இலண்டனில் எம்.எஸ்ஸி., டி.எஸ்ஸி., பாரிஸ்டர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் கைதட்டல் எழும். கேட்டுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள், எல்லாத் தேர்விலும் முதல்வராக வரவே அவர் பிறந்தார் போலும் என்று எண்ணியபடி வீடு திரும்புகின்றனர். அந்தப் பட்டங்களுள் டி.எஸ்ஸி. முதல் முயற்சியில் கிடைத்ததன்று. அவர் சமர்ப்பித்த ஆய்வேடு ஏற்கப்படாமல், திருத்தி எழுதப்பட வேண்டும் என்ற சொல்லோடு திரும்பி வந்தது. அதனை அவர் மீண்டும் எழுதி வென்ற வரலாற்றை நம் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் எழுதுவது தகும் என்று கருதினோம்.

கருதியதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்வு முடிவுகள் வெளிவரும்போது பவானியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் குடியிருப்புகளில் நிகழ்வது யாவரும் அறிந்ததே. ஒரு பாடத்தில் தவறிய பையன் அடுத்த வாரமே திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கோ, பெருந்துறைச் சிப்காட்டுக்கோ, மஞ்சள் காட்டு வேலைக்கோ போய்விடுகிறான். எதிர்பார்த்த மதிப்பெண் வராத பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகின்றனர். ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு உண்டு என்பது பலருக்கும் தெரியும். தெரிந்தும் எழுதாதவர் பலர். ஒரு தேர்வில் தவறியதையே தம் அறிவுக்கு இடப்பட்ட முத்திரையாக அவர்கள் ஏற்றுக்கொள்கின்றனர்; ஊராரும் அதையே எதிர்பார்த்திருந்தவர் போல் தலையசைக்கின்றனர். அந்தத் தலையசைப்பை அண்ணலும் கண்டவரே.

பீமராவ் 1891 ஏப்ரல் 14இல் மத்திய இந்தியாவின் மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகவும் இராணுவப் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். தாய் பீமாபாய், மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே மறைந்துவிட்டார். குடும்பம் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடியேறியது. சமையலும் உறக்கமும் படிப்பும் அந்த ஓர் அறைக்குள்ளேதான். தந்தையார் அதற்கு ஒரு வழி கண்டார். மாலையில் மகனைச் சீக்கிரம் உறங்கச் செய்துவிட்டுத் தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்காரவைத்த பின்பே தாம் படுப்பார். மகன் கேட்ட புத்தகத்துக்குக் கையில் காசில்லாதபோது, மணமாகிப் போன தம் பெண்களிடம் சென்று நகையை இரவலாகப் பெற்று அடகு வைத்துப் பணம் கொணர்வார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். தேர்வு எழுதுவது மாணவன் ஒருவனே ஆயினும், அதற்குப் பின்னே ஒரு குடும்பமே விழித்திருக்க வேண்டியிருந்தது.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலும் இழிவு அவரை விடவில்லை. ஆசிரியர் ஒருமுறை கணக்கொன்றைப் போடுமாறு அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னே வைத்திருந்த தங்கள் சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று மற்ற மாணவர்கள் பாய்ந்தோடி அவற்றை எடுத்துக்கொண்டனர். அவர் விரும்பிய சமஸ்கிருதத்தைப் படிக்க இடம் தரப்படாமையால் பாரசீகம் படித்தார். இந்த நிலையில்தான் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பெற்ற மதிப்பெண் எடுத்துப் பாராட்டத்தக்கது அன்று. இதனை மறைத்துச் சொல்வதால் அண்ணலுக்கு ஒரு பெருமையும் கூடாது. சொல்வதால் நம் பிள்ளைகளுக்குத் துணிவு பிறக்கும். மதிப்பெண்ணைப் பாராமல் அவருடைய சமூகத்தார் அன்று பாராட்டுக் கூட்டம் நடத்தினர். அக்கூட்டத்தில்தான் கேளுஸ்கர் என்னும் மராத்தி எழுத்தாளர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். பின்னர்ப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட்டிடம் அவரை அறிமுகம் செய்வித்து, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழி செய்தவரும் அவரே.

பட்டப்படிப்பு 1912இல் முடிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 2இல் தந்தையார் காலமானார். அதே ஆண்டில் பரோடா உதவித்தொகை கொண்டு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார் பீமராவ். 1915இல் அங்கு எம்.ஏ. பெற்றார். 1916 அக்டோபரில் இலண்டன் சென்று பொருளாதாரக் கல்லூரியிலும், சட்டம் பயில கிரேஸ் இன்னிலும் பதிவு செய்துகொண்டார். படிப்புச் சூடு பிடிக்கும் வேளையில் உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். வேறொரு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகப் பெட்டிகள், அக்கப்பல் தாக்குண்டு மூழ்கியபோது கடலோடு போயின. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகம் தந்த அனுமதி ஒன்றே எஞ்சியது.

அந்த அனுமதியை அவர் எவ்வாறு காத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பரோடாவில் உத்தியோகம் பார்க்கப் போனவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. கிடைத்த பார்சி விடுதியிலிருந்தும் தடி ஏந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெரிய தொகை. வேறொருவராயின் வீட்டை மாற்றியிருப்பார், வண்டி வாங்கியிருப்பார். இவரோ பரேலில் அதே தொழிலாளர் குடியிருப்பிலேயே இருந்து, மனைவி இரமாபாயிடம் அளவாகக் குடும்பச் செலவுக்குக் கொடுத்து, எஞ்சியதை இலண்டனுக்கென்று சேர்த்தார். அதுவும் போதாமையால் கோல்காப்பூர் மன்னர் சாகு மகராஜிடம் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் ஐயாயிரம் ரூபாய் கடனும் பெற்று 1920இல் மீண்டும் கப்பல் ஏறினார்.

இலண்டனில் அவர் வாழ்ந்த வாழ்வை நம் மாணவர் விடுதிப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நலம். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது மீன் விழுதும் உண்டு பிரிட்டிஷ் மியூசிய நூலகத்துக்குப் புறப்படுவார். திறக்கும்போது நுழைந்தால் மூடும்போதுதான் வெளியே வருவார். இரவில் பசி எடுத்தால் தகரத் தட்டில் சுட்ட அப்பளமும் ஒரு கோப்பை இறைச்சிச் சாறும்தான். அதன் பின்னும் விடியும்வரை படிப்பு. 1921 ஜூனில் எம்.எஸ்ஸி. கிடைத்தது. 1922 அக்டோபரில் டி.எஸ்ஸி. பட்டத்துக்காக ரூபாய் நாணயத்தின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

அந்த ஆய்வேடு என்ன சொன்னது? வெள்ளி நாணயத்தை வரம்பின்றி அடித்துத் தரும் முறையை 1893இல் ஆங்கில அரசு நிறுத்தியது. பின்னர் ரூபாயின் மதிப்பை இங்கிலாந்து நாணயத்தோடு பிணைத்து, அந்த மாற்று விகிதத்தைக் காப்பதே நாணயக் கொள்கை என்று நடத்திவந்தது. கீன்ஸ் போன்ற பெரும் பொருளாதார அறிஞரும் 1913இல் எழுதிய நூலில் அம்முறையை ஆதரித்திருந்தார். அண்ணலோ அதனை மறுத்தார். வெளிநாட்டு மாற்று விகிதம் நிலையாக இருந்து என்ன பயன், உள்நாட்டில் ரூபாயின் வாங்கும் ஆற்றல் நிலையாக இருக்க வேண்டாமா என்பது அவர் வாதம். ரூபாயை அளவின்றி வெளியிட அரசுக்கு இடமிருந்தால் விலைவாசி ஏறும்; ஏறினால் முதலில் வயிறு காய்பவர் கூலிக்காரரே. அதனால் நாணய வெளியீட்டுக்கு அரசு மீற முடியாத வரம்பு வேண்டும் என்றார். பரேல் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவருக்கு இது ஏட்டுக் கணக்கு மட்டுமாக இருந்திருக்க முடியாது என்பது நம் எண்ணம்.

ஏட்டைத் தந்தபின் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பயில முயன்றார். 1923 மார்ச்சில் செய்தி வந்தது. ஆய்வேடு அவ்வடிவில் ஏற்கப்படாது, மாற்றி எழுத வேண்டும் என்பதே அது. இந்தியாவில் ஆங்கில அரசு கையாண்ட கொள்கையை அது கடுமையாகத் தாக்கியதால் தேர்வாளர்கள் மனம் சுளித்தனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கையிலிருந்த பணமோ தீர்ந்துவிட்டது. இலண்டனில் தங்கித் திருத்த வழியில்லை. பட்டமின்றியே ஏப்ரலில் பம்பாய் வந்திறங்கினார்.

வயது 32. வீட்டில் மனைவி மக்கள், தலைமேல் கடன். வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினால்தான் அடுப்பெரியும். தொடங்குவதற்குரிய சன்னதுக் கட்டணத்துக்கும் நண்பர் உதவியே தேவைப்பட்டது. ஏற்கெனவே ஒரு டாக்டர் பட்டத்துக்குரிய ஆய்வை அமெரிக்காவில் முடித்திருந்தவர், பாரிஸ்டர் படிப்பையும் முடித்தவர், இனி இந்த ஏடு எதற்கு என்று மூட்டை கட்டி வைத்திருந்தால் ஒருவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் அந்த ஏட்டையே மீண்டும் விரித்து உட்கார்ந்தார். சொல்லும் முறையை மாற்றினார்; கண்ட முடிவை மாற்றவில்லை என்பர். ஆகஸ்டில் இலண்டனுக்கு அனுப்பினார். நவம்பரில் ஏற்கப்பட்டது. டிசம்பரில் இலண்டன் பதிப்பகம் ஒன்று அதனை நூலாகவே வெளியிட்டது. அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன், பல இடங்களில் தமக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்காமலே அதற்கு முன்னுரை வழங்கினார். ஆசிரியர் மாறுபட்டும் மாணவனைத் தாங்கினார். மாணவன் மதித்தும் தன் கருத்தை விடவில்லை. இத்தகைய ஆசிரியர் வாய்ப்பதும் அரிது.

மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே ஐந்து மாதங்கள்தான். அந்த ஐந்து மாதத்தில் அவருக்கு ஒரு வசதி இருந்தது: எதற்காக ஏடு திரும்பியது என்பது தெரிந்திருந்தது. நம் பிள்ளைகள் பலர் எங்கே மதிப்பெண் போயிற்று என்று அறியாமலே மறுபடியும் அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உருப்போடுகின்றனர். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்துப் பெறலாம். பெற்று, பாட ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்க்கலாம். கணக்கு தெரியாமல் போயிற்றா, நேரம் போதாமல் போயிற்றா, கேள்வியே புரியாமல் போயிற்றா என்பது அப்போதுதான் விளங்கும். இவை மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு வந்துள்ள நீட் தேர்வில், ஓராண்டு முழுதும் பயிற்சி மையத்தில் இருந்து இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதுவோரோடு நம் பிள்ளைகள் முதல் முறை எழுதிப் போட்டியிடுகின்றனர். அங்கே மதிப்பெண் குறைந்தால், அறிவு குறைந்தது என்பதா, வாய்ப்பு குறைந்தது என்பதா?

இரண்டாம் முறை எழுதுவதற்கு மன உறுதி போதும் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அண்ணலின் வாழ்வு அவ்வாறு கூறவில்லை. சிடன்ஹாம் சம்பளத்தின் சேமிப்பு, மன்னர் உதவி, நண்பர் கடன், இரமாபாய் அரை வயிற்றோடு நடத்திய குடும்பம், நான்கு ஆண்டு அனுமதி என்று அத்தனையும் சேர்ந்துதான் அந்த இரண்டாம் வாய்ப்பு அவர் கைக்கு எட்டியது. தேறியவர்க்குப் பொன்னாடை போர்த்துவதற்குக் கைகள் பல வரும். தவறியவனுக்கு ஓராண்டு சோறும், புத்தகமும், தேர்வுக் கட்டணமும், படிக்க ஒரு விளக்கும் கொடுப்பதற்கே கைகள் வேண்டும். இவ்வெள்ளி விழா ஆண்டிலிருந்து மறுதேர்வு எழுதுவோர்க்கென்றே தனி நிதி ஒன்று தொடங்க வேண்டும் என்று உறுப்பினர்கள் முன் வைக்கிறோம். அரசுப் பணியில் இருப்போர் மாதத்தில் ஒரு நாள் சம்பளம் ஒதுக்கினும் போதும். கூலி வேலை செய்வோர் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு ஓர் இடம் ஒழித்துக் கொடுப்பினும் அது நிதியே.

மீண்டும் எழுதப்பட்ட அந்த ஏடு பின்னர் என்ன ஆயிற்று என்பதையும் கூற வேண்டும். இந்திய நாணயம் பற்றி ஆராய ஹில்டன் யங் தலைமையில் அமைந்த அரசக் குழுவின் முன் 1925 டிசம்பரில் அண்ணல் சாட்சியம் அளித்தார். அக்குழு மத்திய வங்கி ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் முதல் நாள் தொடங்கிற்று. அந்த வங்கியையே அண்ணல்தான் நிறுவினார் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவது மிகை. திருப்பி அனுப்பப்பட்ட ஏட்டின் ஆசிரியரை, இரண்டே ஆண்டில் அரசே அழைத்துக் கருத்துக் கேட்டது என்பதே போதுமான பெருமை.

1923இல் வெளிவந்த அந்நூலின் முற்பக்கத்தில் மன்னர் பெயரோ பேராசிரியர் பெயரோ காணிக்கையாக இடம்பெறவில்லை. தாய் தந்தையரின் நினைவுக்கே அதனை அவர் படைத்தார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்ட இராம்ஜி மறைந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.