நம்பெருமாளைத் திருவரங்கம் சேர்த்த செஞ்சி கோபணார்யர்

செஞ்சி என்றவுடன் யாவர்க்கும் தேசிங்கு ராஜனின் நினைவே வரும். 1714ஆம் ஆண்டில் சிறு படையுடன் ஆற்காட்டு நவாபின் பெருஞ்சேனையை எதிர்த்து வீழ்ந்த அவ்விளைஞனின் கதையைக் கூத்தாகவும் அம்மானையாகவும் கேளாத தமிழர் அரியர். அவன் போருக்கு விடைபெறச் சென்றபோது சிங்கவரத்து அரங்கநாதர் போகவேண்டாம் என்று குறிப்பதுபோலத் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று இச்சீமையில் இன்றும் சொல்வர். ஆயினும் ஸ்ரீவைஷ்ணவ உலகம் செஞ்சியை நன்றியோடு நினைப்பது, தேசிங்கனுக்கும் ஏறக்குறைய 340 ஆண்டுகள் முன்பு இங்கே ஆட்சி புரிந்த வேறொரு மகானுபாவரால். அவரே கோபணார்யர். அவர் சரிதத்தை அறியவேண்டுமானால், முதலில் கோயிலுக்கு, அதாவது திருவரங்கத்துக்கு, நேர்ந்த பெருந்துன்பத்தை அறியவேண்டும்.

1323ஆம் ஆண்டில் டில்லி சுல்தானின் மகன் உலுக்கானுடைய படை தெற்கே இறங்கித் திருவரங்கத்தை நெருங்கிற்று. உற்சவத்தில் கூடியிருந்த அடியார்கள் கலங்கினர். பிள்ளை லோகாசாரியர் உற்சவ மூர்த்தியையும் நாச்சிமாரையும் மறைவாக எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மூலவரான பெரிய பெருமாளை மறைத்துக் கர்ப்பக்கிருகத்தின் முன் கல்திரை எடுக்கப்பட்டது. பின்னே நின்ற பல்லாயிரம் அடியார்கள் உயிர் துறந்தனர் என்று கோயிலொழுகு கூறும். வேதாந்த தேசிகர் சுருதப்பிரகாசிகை ஏட்டையும் அதனை இயற்றியவரின் இளம் புதல்வர் இருவரையும் காத்துக்கொண்டு மேற்கே கன்னட நாட்டுச் சத்தியாகாலம் சென்று சேர்ந்தார். தென்கலையார் போற்றும் ஆசாரியரும் வடகலையார் போற்றும் ஆசாரியரும் ஒரே இரவில் ஒரே கோயிலுக்காக இவ்வாறு பிரிந்து போயினர் என்பதை இக்காலத்தவர் மறவாதிருப்பது நன்று.

மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் லோகாசாரியர் பரமபதித்தார். அதன்பின் பெருமாள் திருமாலிருஞ்சோலை, மலையாள நாடு, திருநாராயணபுரம் எனப் பல இடங்களுக்கும் எழுந்தருளி, முடிவில் திருவேங்கட மலைப்பக்கம் வந்தார். உடன் புறப்பட்டவர்கள் வழியெல்லாம் குறைந்துகொண்டே வந்தனர். கடைசியில் எஞ்சியவர்கள் கொடவர் என்னும் கைங்கரியபரர் மூவரே. மலையின் மேலிருந்து கொடிகளைக் கயிறாக்கி, பெருமாளோடு ஆழ்ந்த பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கே மறைந்து வாழ்ந்தனர் அவர்கள். இருவர் காலமாயினர். பின் ஒருவரே மிஞ்சினார்.

அந்த ஒருவர் வாழ்ந்த வாழ்வைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். பகைவர் அணுகமுடியாத இடம். அருவி நீர் திருமஞ்சனத்துக்கு, காட்டுக் கிழங்கும் கனியும் அமுதுபடிக்கு. அரங்கன் வேறெவர்க்கும் இன்றித் தமக்கே உரியவனாய் நின்றான். இதனினும் பெரிய பேறு உண்டோ என்று தோன்றலாம். ஆனால் பாசுரம் சேவிக்க இரண்டாவது நாவு இல்லை. திருப்பாதுகையை எந்தத் தலைக்குச் சாத்துவது? தீர்த்தம் கொடுக்க ஒரு கையும் அதை வாங்க ஒரு கையும் வேண்டுமே, இரண்டு கையும் அவருடையனவே. ஆண்டுகள் கழிந்து அவர் முதுமையடைந்த நிலையில் இருளர் என்னும் வனவாசிகள் அவரைக் கண்டனர் என்றும், அவர்கள் வாயிலாகச் செய்தி வெளிப்பட்டுப் பெருமாள் திருமலைக்கு எழுந்தருளினார் என்றும் கோயிலொழுகு சொல்லுகிறது. அங்கே பெருமாள் எழுந்தருளியிருந்த இடம் இன்றும் ரங்கநாயகுல மண்டபம் என்ற பெயருடன் விளங்குகிறது.

இந்தக் காலத்துக்குள் தெற்கே அரசியல் மாறிவிட்டது. 1336இல் தோன்றிய விஜயநகர அரசு வளர்ந்து, புக்கராயரின் குமாரர் கம்பணர் தமிழகத்தின் மீது படையெடுத்துவந்தார். படைவீட்டுச் சம்புவராயரை அடக்கித் தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டார். அவருடைய தேவி கங்காதேவி வடமொழியில் பாடிய மதுராவிஜயம் அந்தத் திக்விஜயத்தைக் காவியமாகச் சொல்கிறது. கம்பணருக்கு மந்திரியாகவும் படைத்தலைவராகவும் இருந்தவர்களில் முதன்மையானவர் கோபணார்யர். பிறப்பால் அந்தணர். தொழிலால் வீரர். அரங்கனிடத்து ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். செஞ்சியே அவருக்கு இருப்பிடமாயிற்று.

அவருடைய மனப்பான்மையைக் காட்டும் கல்வெட்டு ஒன்று காஞ்சியில் உண்டு. பூசை நின்று நிலங்கள் பறிபோயிருந்த கைலாசநாதர் கோயிலுக்கு 1364ஆம் ஆண்டில் அந்நிலங்களை மீட்டுக்கொடுத்து வழிபாட்டைத் தொடங்கச் செய்த ஆணை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆணை பிறப்பித்தவர் கோப்பணங்கள் என்று கல்வெட்டில் குறிக்கப்படும் இவரே. சிவன் கோயில் என்று அவர் பார்க்கவில்லை. மூடிய கதவைத் திறப்பது அவர் இயல்பு.

திருமலைக்குச் சென்ற கோபணார்யர் அங்கே அரங்கனைக் கண்டார். தம் ஆட்சிக்கு உட்பட்ட செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணி வந்து, ஊருக்கு வடக்கே சிங்கவரத்துக் குன்றில் வைத்து ஆராதித்தார்.

சிங்கவரத்தைச் சேவித்தவர்கள் அவ்விடத்தின் அருமையை அறிவார்கள். படிகள் ஏறிச் சென்றால் பல்லவர் காலத்தில் குடைந்த குகை. உள்ளே, மலைப்பாறையிலேயே வடித்த பெரிய திருமேனியுடன் அரவணைமேல் பள்ளிகொண்ட அரங்கநாதர். கிடந்த கோலத்தில் மூலவர் ஏற்கனவே அங்கே இருக்கிறார். அவர் திருமுன்பே திருவரங்கத்து உற்சவரும் எழுந்தருளிவிட்டார். நாச்சிமாரும் உடன் இருக்கிறார்கள். அருகே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள் அரணாக நிற்கும் செஞ்சி. கோட்டையும் படையும் அவருடையவை. குறையென்ன? ஒரு திருவரங்கமே தம் மலையில் அமைந்துவிட்டது என்று கோபணார்யர் நினைத்திருப்பாரானால் அவரைக் குறை கூறுவார் எவரும் அன்று இருந்திரார். காலையில் எழுந்து குன்றேறி, நெரிசலும் காத்திருப்பும் இன்றித் தனியே நின்று சேவித்துத் திரும்பலாம். திருவரங்கமோ ஏறக்குறைய 200 கிலோ மீட்டருக்கு அப்பால், பகைவர் கையில் இருந்தது. மூலவரின் கல்திரை அகற்றப்படவில்லை. வீதிகள் பாழ். அங்கிருந்த குடும்பங்கள் திசைதோறும் சிதறி, இரண்டு தலைமுறை கழிந்துவிட்டது.

ஆனால் கோயில் என்பது திருமேனியும் கல்லும் மட்டும் அன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். உடையவர் திருவரங்கத்தை நிர்வகித்த காலத்தில் கைங்கரியபரர்களைப் பத்துக் கொத்தாக வகுத்தார். பூத்தொடுப்பவர் முதல் ஓடம் விடுபவர் வரை அவரவர்க்கு ஒரு பணியும், அப்பணியால் ஓர் உரிமையும் உண்டு. மார்கழியில் அத்யயன உற்சவத்தில் அரையர் அபிநயித்துப் பாட, ஆயிரமாயிரம் பேர் ஒன்றாக இருந்து கேட்பர். பங்குனி உத்திரத்தில் பெருமாளும் தாயாரும் சேர்த்தியில் எழுந்தருள, ஊரே கண்விழித்திருக்கும். இவற்றைச் சிங்கவரத்தில் ஒருவராக நடத்த இயலாது. அரசராயிருந்தும் அரியணையைப் பெரிதென்று எண்ணாமல், அரங்கத்து அடியார் கூட்டத்தைக் கண்ணாரக் காண்பது என்றோ என்று ஏங்கிப் பதிகமே பாடினார் குலசேகராழ்வார். அரங்கனை மட்டும் காணுதல் அவருக்குப் போதவில்லை. சத்தியாகாலத்தில் இருந்த தேசிகரும் திருவரங்கத்து அச்சம் நீங்கவேண்டும் என்று அபீதிஸ்தவம் இயற்றினார். தாம் இருந்த இடத்தில் அவருக்கு ஆபத்தொன்றும் இருக்கவில்லை என்பதை இங்கே நினைவுகொள்ளலாம்.

கோபணார்யர் உடனே படை செலுத்தவில்லை. சில காலம் செஞ்சியிலேயே பெருமாளை ஆராதித்திருந்தார். இதனைத் தயக்கம் என்று கொள்வது பொருந்தாது. தோற்றால் பெருமாள் மீண்டும் காட்டுக்குத்தான் போகவேண்டும். ஆகவே சமயம் பார்த்தார்.

அச்சமயம் உள்ளிருந்தே வந்தது. திருவரங்கத்தில் தங்கிய படைத்தலைவன் அவ்விடம் உடலுக்கு ஒவ்வாமையால் வடகரையில் கண்ணனூருக்கு, அதாவது இன்றைய சமயபுரத்துக்கு, பாசறையை மாற்றியிருந்தான். அவனிடம் ஊழியம் ஏற்றிருந்தவர் சிங்கப்பிரான் என்னும் திருவரங்கத்துப் பெரியவர். பகைவன் சேவகம் என்று ஊரார் ஏசியிருக்கக்கூடும். அவரோ அந்தப் பதவியைக் கொண்டே கோயில் மேலும் இடிபடாமல் தடுத்தும், எஞ்சிய குடிகளைக் காத்தும் வந்தார். ஓடிப்போகாமல் ஊரோடு இருந்தவர் அவர். கண்ணனூர்ப் படையின் தளர்ந்த நிலையை அவர் செஞ்சிக்கு மறைவாகத் தெரிவித்தார் என்பது கோயிலொழுகு தரும் செய்தி. கோபணார்யர் படையுடன் சென்று கண்ணனூரை வென்றார். மதுரை சுல்தான்களின் ஆட்சி கம்பணரால் ஒடுங்கியதும் இக்காலத்திலேயாம்.

1371ஆம் ஆண்டில் அரங்கன் செஞ்சியை விட்டுப் புறப்பட்டார். சிங்கவரத்துக் குன்றிலிருந்து அந்தத் திருமேனி இறங்கிய நாளில் செஞ்சி மக்களின் மனம் எவ்வாறு இருந்திருக்கும்! தங்கள் ஊருக்கு வந்த பெருநிதியை மீண்டும் தராமல் இருக்க அவர்களுக்கும் ஆசை இருந்திருக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 48 ஆண்டுகளுக்குப் பின் பெருமாள் எழுந்தருளினார். கல்திரை நீக்கப்பட்டுப் பெரிய பெருமாள் ஸேவை சாதித்தார்.

அங்கே எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்தது. உற்சவர் இல்லாத காலத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளப்பண்ணப்பட்டு ஆராதனை நடந்துவந்தது. இரண்டு மூர்த்திகள். எவர் பழைய அரங்கன்? 48 ஆண்டுகளுக்கு முன் கண்ட கண்கள் பெரும்பாலும் மூடிவிட்டன. கோபணார்யர் வெற்றிவீரர். அவர் ஒரு சொல் சொன்னால் மறுப்பாரில்லை. ஆயினும் அதனை ஊரார் நினைவுக்கே விட்டனர். பழைய நாளில் பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைத்த ஈரங்கொல்லி ஒருவர் உயிருடன் இருந்தார். முதுமையில் பார்வையும் இழந்தவர். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவர்க்குத் தந்தனர். ஒன்றைச் சுவைத்ததும், முன்பு வாழ்ந்த காலத்துக் கஸ்தூரி மணம் நினைவில் எழ, இவரே நம்முடைய பெருமாள் என்று அவர் கண்டு கூறினார். அழகிய மணவாளன் என்ற திருநாமத்தோடு நம்பெருமாள் என்ற பெயரும் நிலைத்தது அன்று முதல் என்பது சம்பிரதாயம். கற்றவர் கைக்கு எட்டாத தீர்ப்பு, துணி துவைத்தவர் நாவில் இருந்தது.

மற்றத் திருமேனியை யாரும் விலக்கவில்லை. திருவரங்கமாளிகையார் என்ற பெயருடன் அவரும் கோயிலிலேயே எழுந்தருளியிருந்து யாகசாலைக்கு எழுந்தருள்கிறார். துன்பகாலத்தில் துணையிருந்தவரைப் பெருங்கூட்டம் வந்ததும் மறப்பது வைஷ்ணவ நெறியன்று.

இந்தச் செயலைப் போற்றும் வடமொழிச் சுலோகங்கள் இரண்டு திருவரங்கத்துச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை வேதாந்த தேசிகர் அருளியவை என்பர். பெருமாளை மலையிலிருந்து கொணர்ந்ததும், செஞ்சியில் சிலகாலம் ஆராதித்ததும், பகைவரை வென்று திருமகளோடும் நிலமகளோடும் அவருடைய சொந்த ஊரிலேயே நிலைபெறச் செய்ததும் அவற்றில் முறையாகக் கூறப்பட்டுள்ளன. சக ஆண்டு 1293 என்பதை எண்ணால் எழுதாமல், எழுத்துக்கு எண் கொள்ளும் மரபுப்படி ஒரு சொல்லால் குறித்திருக்கிறார்கள். அச்சொல்லின் பொருள், உறவினர்க்கு இனியவன் என்பது. கணக்குக்கு ஏற்ற சொல் வேறு எத்தனையோ கிடைத்திருக்கும்.

அதன்பின் கோபணார்யர் கோயிலுக்கு ஊர்களை நிவந்தமாக விட்டு, நின்றுபோன உற்சவங்கள் நடக்க வழிசெய்தார். சிதறிய குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கொத்துகள் மீண்டும் கூடின. அவருடைய தலைவர் கம்பணர் 1374இல் மறைந்தார். செஞ்சி பின்னர் நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர் எனக் கைமாறிக்கொண்டே போயிற்று.

சிங்கவரத்துக் குகையில் பள்ளிகொண்டவர் மட்டும் அப்படியே இருக்கிறார். குன்றின் படிகளில் ஏறுவோர், முதியவர்க்குக் கைகொடுத்து, பிள்ளைகளைத் தோளில் சுமந்து, இடையிடையே நிழலில் நின்று ஒருவரோடொருவர் ஊர்ப்பேச்சுப் பேசிக்கொண்டே சேவிக்கச் செல்கின்றனர். திருவரங்கம் செல்லும்போது, உற்சவ மூர்த்தியாய் நம்பெருமாள் வீதியில் எழுந்தருளும் வேளையில், அவர் நம் செஞ்சியில் தங்கிப் போனவர் என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிக்கொள்ளும் உரிமை இவ்வூரார்க்கு உண்டு.