கொல்லிமலையில் ஒரே நுகத்தில் இருவர்



வியாதியுள்ள பிள்ளையை வளர்க்கிற பெற்றோருக்காக, கொல்லிமலை மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் பிராண்ட் தம்பதியைப் பற்றி எழுத ஏவப்பட்டேன்.

எவ்லின் லண்டனில் வசதியாய் வளர்ந்தவர், ஓவியம் கற்றவர். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர், வைத்தியமும் ஓரளவு படித்தவர். 1913-ல் விவாகமான கையோடு மழையில் மலையேறி, வாழவந்தியில் ஜெஸ்ஸி கட்டிய மரவீட்டில் குடியேறினார்கள். கொல்லிமலை தொடங்கி ஐந்து மலைத்தொடர்களுக்குச் சுவிசேஷம் கொண்டுபோக வேண்டும் என்பதே இருவரின் பொருத்தனை. ஆனால் பல வருஷங்களாக ஒருவரும் வரவில்லை. அந்த ஊர்ப் பூசாரி ஜனங்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

1918-19-ல் இன்புளூயன்சா விஷக்காய்ச்சல் மலைக்கும் பரவியது. சொந்த ஜனங்களே பயந்து விலகின நேரத்தில், இவர்கள் இருவரும் கஞ்சி காய்ச்சி வீடு வீடாய்க் கொண்டுபோனார்கள். பூசாரியும் படுத்துவிட்டார். சாகுமுன் அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் மகனையும் கைக்குழந்தையான மகளையும் இவர்களிடமே ஒப்புவித்தார்! அந்தப் பெண்குழந்தை நோஞ்சான். வீட்டிலோ ஏற்கெனவே சின்னப் பிள்ளைகள் இரண்டு. அவர்களில் மூத்தவர்தான் பிற்காலத்தில் வேலூரில் குஷ்டரோகிகளுக்குக் கை ஆபரேஷன் செய்த டாக்டர் பால் பிராண்ட். ஆனாலும் அந்தக் குழந்தையை ரூத் என்று தங்கள் சொந்த மகளாகவே வளர்த்தார்கள்.

இதை நான் சாதாரணமாய் வாசிக்க முடியவில்லை. எங்கள் மகளுக்குத் தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றணும். இப்படிப்பட்ட வீட்டில் புருஷன் பெஞ்சாதி பேச்சு மாத்திரை, டோக்கன், பஸ் நேரம் என்று சுருங்கிப்போகும். ராத்திரி யார் விழித்தது என்ற கணக்கு வரும். பிள்ளையைக் கவனிக்கிற இருவர், ஒருவரையொருவர் கவனிக்க மறந்துபோவார்கள். பிராண்ட் தம்பதிக்கோ கஞ்சிப் பானையும் ஒன்று, பாரமும் ஒன்று. அது உன் வேலை, இது என் வேலை என்று பிரிந்துபோகவில்லை.

1929-ல் பிளாக்வாட்டர் காய்ச்சலில் ஜெஸ்ஸி மரித்தார். அதன்பிறகும் எவ்லின் அந்தப் பொருத்தனையை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்தபோது, தனியாகவே மலைக்குத் திரும்பினார். குதிரை மேல் ஊர் ஊராய்ப் போனார். 1974-ல், 95-ம் வயதில் கர்த்தரிடம் சேர்ந்தார். வாழவந்தியில் ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தேவபிள்ளைகளே, இன்று ராத்திரி பிள்ளை தூங்கினபிறகு பத்து நிமிஷம் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். மருந்துப் பேச்சு வேண்டாம். நீ சாப்பிட்டாயா, உனக்கு முதுகுவலி எப்படி என்று கேளுங்கள். கைகோத்து ஜெபியுங்கள். ஒருநாள் அவர் விழிக்கட்டும், மறுநாள் நீங்கள் விழியுங்கள். சபையாரே, அப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் வெறும் ஆறுதல் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு மணிநேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் வெளியே ஒரு நடை அனுப்பிவையுங்கள்.

கர்த்தர்தாமே நம் குடும்பங்களைக் கட்டுவாராக. ஆமென்.