தலைமைக் காழி இமாம் அபூயூசுஃப் (ரஹ்)

 

சட்டப் படிப்பை முடித்துக் கருப்பு அங்கி அணிந்து நீதிமன்றப் படியேறும் நம் பிள்ளைகள் பலர், ஏட்டில் படித்தது ஒன்றும் எதிரே வந்து நிற்கும் வழக்கு வேறொன்றுமாக இருப்பது கண்டு முதலாண்டிலேயே திகைத்து விடுகின்றனர். இத்திகைப்பு புதியதன்று. இஸ்லாமிய வரலாற்றில் 'காழில் குழாத்' எனும் தலைமை நீதிபதிப் பட்டத்தை முதன்முதலில் பெற்ற இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களுக்கும் இது நேர்ந்ததுண்டு.

யஃகூப் இப்னு இப்ராஹீம் எனும் இயற்பெயருடைய அன்னார் ஹிஜ்ரி 113-ல் (கி.பி. 731) கூஃபா நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார்கள். பிழைப்புக்கு வழி தேடாமல் பாடசபையில் அமர்ந்திருப்பதை வீட்டார் விரும்பவில்லை. அதையறிந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் கைப்பொருளைக் கொடுத்து, கல்வி தடைப்படாமல் காத்தார்கள். அதற்கு முன்பே அபூயூசுஃப் அவர்கள், கூஃபாவின் காழியாக இருந்த இப்னு அபீ லைலா (ரஹ்) அவர்களிடமும் பயின்றிருந்தார்கள். அன்றாடம் வழக்குத் தீர்ப்பவர் ஒருவர், சட்டத்தை அலசி ஆராய்பவர் ஒருவர் என ஆசான்கள் இருவர் வாய்த்தது அல்லாஹ் அளித்த பாக்கியம். பிற்காலத்தில் இவ்விருவரின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்து அன்னார் ஒரு நூலே எழுதினார்கள்.

ஒருமுறை, ஆசானின் சபையை விட்டுப் பிரிந்து தமக்கெனத் தனியே ஒரு பாடசபையை அமைத்துக் கொண்டார்கள். காலம் கனியவில்லை என்பதை உணர்ந்த இமாமவர்கள் ஒரு மனிதரை அனுப்பி, ஒரு சிறு வழக்கைக் கேட்கச் செய்தார்கள். ஒருவர் தம் துணியைக் கூலிக்குச் சலவைத் தொழிலாளியிடம் கொடுக்கிறார். திரும்பக் கேட்டபோது, நீர் என்னிடம் துணியே தரவில்லை என்று தொழிலாளி மறுக்கிறார். பின்னொரு நாள் அதே துணியை வெளுத்துக் கொண்டுவந்து தருகிறார். அவருக்குக் கூலி உண்டா, இல்லையா?

உண்டு என்றார்கள் அபூயூசுஃப். தவறு என்றார் வந்தவர். சற்று யோசித்து, இல்லை என்றார்கள். அதுவும் தவறு என்றார் அவர். உடனே எழுந்து ஆசானிடம் சென்றார்கள். மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால் உரிமையாளருக்காக வெளுத்ததாகும், எனவே கூலி உண்டு. மறுத்த பின் வெளுத்திருந்தால் அபகரித்த பொருளைத் தனக்காக வெளுத்துக் கொண்டதாகும், எனவே கூலி இல்லை என்று இமாமவர்கள் விளக்கினார்கள். எப்போது வெளுத்தாய் என்று கேட்காமல் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பும் தீர்ப்பல்ல. அபூயூசுஃப் அவர்கள் வெட்கப்படாமல் மாணவராக மீண்டும் அமர்ந்தார்கள்.

பின்னர் மஹ்தீ, ஹாதீ, ஹாரூன் ரஷீத் ஆகிய கலீஃபாக்கள் மூவரின் காலத்திலும் பக்தாதில் காழியாகப் பணியாற்றினார்கள். நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்துச் சிறை சென்றவரின் மாணவர் அப்பதவியை ஏற்றது சரியா எனச் சிலர் கேட்பர். ஆசானின் பேணுதலும் பெரிது, மாணவர் சுமந்த பாரமும் பெரிது என்பதே அடியேனின் எண்ணம். அரண்மனைக்கு ஏற்பத் தீர்ப்பு வளைத்ததாகச் சொல்லப்படும் கதைகளை அடியேன் இங்கு எழுதப் போவதில்லை.

மதீனா சென்றபோது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைச் சந்தித்தார்கள். ஸாவு எனும் அளவை 8 ராத்தல் என்பது கூஃபாவில் கற்ற பாடம். மதீனாவாசிகளோ தந்தையர் வழியே வந்த மரக்கால்களை வீடுகளிலிருந்து கொண்டுவந்து காட்டினர். அன்னார் அவற்றை அளந்து பார்க்க, எல்லாம் ஏறத்தாழ ஐந்தே கால் ராத்தலுக்குச் சற்று மேலாக, ஒன்று போலவே இருந்தன. அக்கணமே ஆசானின் கருத்தை விட்டுவிட்டார்கள்.

ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலிலும் அனுபவமே பேசுகிறது. வரிக்காக மக்களை அடிப்பதும் வெயிலில் நிறுத்துவதும் கூடாது. கைதிகளை விலங்குடன் பிச்சையெடுக்க அனுப்பாமல், உணவும் உடையும் பொதுநிதியிலிருந்தே தர வேண்டும் என்று கலீஃபாவுக்கே அறிவுறுத்துகிறார்கள். வழக்குத் தீர்ப்பு சார்ந்த சட்டங்களில் அபூயூசுஃப் அவர்களின் சொல்லின்படியே ஃபத்வா வழங்கப்படும் என்பது ஹனஃபீ மத்ஹபின் விதி. காழியாக இருந்து பெற்ற அனுபவமே அதற்குக் காரணம் என ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

இவ்வளவு இருந்தும் இறுதி நோயில் ஒரு வழக்கை நினைத்து அழுதார்கள். கலீஃபா ஹாரூனுக்கு எதிராக ஒரு கிறிஸ்தவர் தொடுத்த வழக்கு அது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராகவே அமைந்தது. எனினும் விசாரணையின்போது இருவரையும் சரிசமமாக நடத்தாமல் விட்டேனே என்பதே அன்னாரின் கவலை.

ஹிஜ்ரி 182-ல் (கி.பி. 798) பக்தாதில் மரணப் படுக்கையிலிருந்தபோது மாணவர் இப்ராஹீம் இப்னுல் ஜர்ராஹ் பார்க்க வந்தார். மயக்கம் தெளிந்ததும் அன்னார் கேட்டது, ஹஜ்ஜில் ஜம்ராவுக்குக் கல்லெறிவது நடந்தபடியா, வாகனத்தில் இருந்தபடியா, எது சிறந்தது என்பதே. நடந்து என்றார் மாணவர். தவறு என்றார்கள். வாகனத்தில் என்றார். அதுவும் தவறு என்றார்கள். எறிந்தபின் நின்று துஆ செய்ய வேண்டிய ஜம்ராவில் நடந்து எறிவது சிறப்பு, நிற்க வேண்டாத ஜம்ராவில் வாகனத்தில் இருந்து எறிவது சிறப்பு என்று விளக்கினார்கள். விடைபெற்ற மாணவர் வீட்டு வாசலை அடையும் முன்பே உள்ளிருந்து அழுகுரல் எழுந்தது.