காயம்பட்டவர்களை விட்டுவர வேண்டிய நிலை... ஆனாலும் விக்டோரியா கிராஸ்! யார் இந்த சார்லஸ் ஆண்டர்சன்?

விக்டோரியா கிராஸ், பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருது. சார்லஸ் ஆண்டர்சனுக்கு அது கிடைத்தது ஒரு வெற்றிக்காக இல்லை, ஒரு பின்வாங்கலுக்காக.

யார் இவர்?

1897-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பிறந்தவர். வளர்ந்தது கென்யாவில். முதல் உலகப்போரிலேயே மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். 1934-ல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, நியூ சவுத் வேல்ஸில் யங் என்ற ஊர்ப்பக்கம் பண்ணை வைத்தார். மறுபடியும் போர் வந்தது.

மூவாரில் என்ன நடந்தது?

1942 ஜனவரி, மலேயா. குண்டுவீச்சில் 45-வது இந்திய பிரிகேடின் தலைமையகம் சிதறிப்போக, ஆஸ்திரேலியர்களோடு சேர்த்து அந்த இந்திய வீரர்களுக்கும் ஆண்டர்சனே தலைமை ஏற்றார். வழிநெடுகச் சண்டை. கையெறி குண்டோடு தானே முன்னால் போனார்.

பாரித் சுலோங் பாலத்தை ஜப்பானியர்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். காயம்பட்டவர்களை மட்டுமாவது போக விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். மொத்தப் படையும் சரணடைந்தால்தான் என்றது எதிர்த்தரப்பு. மறுத்துவிட்டார்.

ஜனவரி 22. பீரங்கிகளை, லாரிகளை உடைத்துவிட்டு, நடக்க முடிந்தவர்கள் சதுப்புக்காடு வழியே தப்புங்கள் என்று உத்தரவிட்டார். சுமார் 900 பேர் பிழைத்தார்கள். நடக்க முடியாத சுமார் 150 ஆஸ்திரேலிய, இந்திய வீரர்களை ஜப்பானியர்கள் கொன்றார்கள். இதற்காக ஜெனரல் நிஷிமுரா 1951-ல் தூக்கிலிடப்பட்டார்.

சிறையும் ரயிலும்

பிப்ரவரி 13-ல் விருது அறிவிப்பு. இரண்டே நாளில் சிங்கப்பூர் விழுந்தது, ஆண்டர்சன் போர்க்கைதி. மூன்றரை ஆண்டு சிறைவாசம். பர்மாவில் அவர் தலைமையிலான கைதிகள் வேலை பார்த்தது, மலேயா தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டுபோன அதே சயாம் மரண ரயில் பாதையில்தான்.

ஓட்டுக் கேட்ட வீரர்

ஊர் திரும்பியவர், விவசாயிகளின் கட்சியான கன்ட்ரி பார்ட்டி சார்பில் 1949-ல் ஹியூம் தொகுதியில் நின்று ஜெயித்தார். ஆனா, விக்டோரியா கிராஸ் இருக்கிறதே என்று வாக்காளர்கள் சலுகை காட்டவில்லை. 1951-ல் லேபர் கட்சியின் ஆர்தர் ஃபுல்லரிடம் தோற்றார். 1955-ல் சீட்டைத் திரும்பப் பிடித்தார். 1961-ல் அதே ஃபுல்லரிடம் மறுபடி இழந்தார்.

1988 நவம்பர் 11-ல் காலமானார். போரில் மாண்டவர்களுக்காக ஆஸ்திரேலியா ஆண்டுதோறும் மௌனம் காக்கும் நாள் அது. பாலத்தருகே விடப்பட்ட அந்த 150 பேருக்கும் சேர்த்துத்தான் அந்த மௌனம்.